ஒரே பெயர், வேறு வேறு கப்பல்கள்: பி அண்ட் ஓ குரூசஸ் பற்றிய எளிய விளக்கம்

2022 மார்ச் 17 அன்று, பிரிட்டனின் டோவர் முதலான துறைமுகங்களிலிருந்து பயணிகளையும் லாரிகளையும் ஏற்றிச் செல்லும் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் நிறுவனம், ஏறத்தாழ 800 கடலோடிகளை ஒரே நாளில், முன்கூட்டியே பதிவு செய்த காணொளிச் செய்தி ஒன்றின் வழியாக வேலையிலிருந்து நீக்கியது. பிரிட்டன் முழுவதும் எழுந்த கோபத்தில் ஒரு பங்கு, அந்த முடிவில் எந்தத் தொடர்பும் இல்லாத பி அண்ட் ஓ குரூசஸ் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் மீதும் விழுந்தது. நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று அந்த நிறுவனம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. பி அண்ட் ஓ பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், அது 180 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்பார் ஒருவர். அமெரிக்கர்கள் வாங்கிவிட்டார்கள் என்பார் இன்னொருவர். இல்லை, துபாய்க்காரர்கள்தான் வாங்கினார்கள் என்பார் மூன்றாமவர். அவர்களுடைய புதிய கப்பலின் எடை 1,84,000 டன் என்பார் நான்காமவர். முதல் மூன்று கூற்றுகளிலும் பாதி உண்மை இருக்கிறது. நான்காவது கூற்றில் எண் சரி, பொருள் தவறு. ஒரு கப்பல் நிறுவனத்தின் பெயர், அதன் கப்பல்கள், அதன் உடைமையாளர் ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிச் சங்கதிகள், மூன்றும் தனித்தனி வேகத்தில் மாறுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் இந்த முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

## தடப் பேருந்தும் சுற்றுலாப் பேருந்தும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் தடப் பேருந்து உண்டு, சுற்றுலாப் பேருந்தும் உண்டு. தடப் பேருந்து குறித்த நேரத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறது. அதில் ஏறுகிறவருக்கு ஊர் போய்ச் சேர்வதே நோக்கம். சுற்றுலாப் பேருந்தில் ஏறுகிறவர் நான்கு ஊர்களைப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். அவருக்குப் பயணமே நோக்கம். கடலில் முதல் வகைக்கு லைனர் என்று பெயர். குறிப்பிட்ட தடத்தில், குறிப்பிட்ட கால அட்டவணைப்படி ஓடும் பயணிகள் கப்பல் அது. இரண்டாம் வகையே குரூஸ் கப்பல். உல்லாசப் பயணத்துக்காகவே ஓடுவது.

பி அண்ட் ஓ தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் லைனர் நிறுவனமாகவே இருந்தது. உல்லாசப் பயணங்களை அவ்வப்போது நடத்தியதுண்டு. 1840களிலேயே சவுத்தாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு அப்படிப்பட்ட சுற்றுகளை அது விற்றது. ரோம் என்ற லைனர் கப்பலை 1904இல் மாற்றியமைத்து, வெக்டிஸ் என்று பெயரிட்டு, முதல் வகுப்புப் பயணிகளுக்கான உல்லாசக் கப்பலாகவும் ஓட்டியது. ஆனால் வருமானத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. அந்த வேர் கடிதங்கள்.

## அஞ்சல் மூட்டையில் தொடங்கிய கதை

லண்டனில் கப்பல் தரகு நடத்திய பிராடி மெகீ வில்காக்ஸ், ஆர்தர் ஆண்டர்சன் ஆகிய இருவரும், டப்ளினைச் சேர்ந்த கேப்டன் ரிச்சர்ட் போர்னும் சேர்ந்து, ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்துக்கு நீராவிக் கப்பல்களை ஓட்டி வந்தார்கள். 1837இல் பிரிட்டிஷ் அரசின் அஞ்சலை அத்தடத்தில் எடுத்துச் செல்லும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. தீபகற்பம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்தே பெயரில் உள்ள ‘பி’ வந்தது. ஒப்பந்தத்தின் முதல் பயணமே சோதனையாக அமைந்தது. டான் ஹுவான் என்ற கப்பல் திரும்பி வரும் வழியில் ஸ்பெயினின் தாரிஃபா அருகே தரை தட்டி அழிந்தது. ஆண்டர்சன் அதே கப்பலில் இருந்தார். அஞ்சல் மூட்டைகள் காப்பாற்றப்பட்டன, ஒப்பந்தமும் பிழைத்தது.

1840இல் தடம் எகிப்தின் அலெக்சாந்திரியா வரை நீண்டது. அந்த ஆண்டின் இறுதி நாளில் அரச சாசனம் கிடைத்தபோது, கிழக்குத் திசை நாடுகளைக் குறிக்கும் ‘ஓ’ பெயரில் சேர்ந்தது. நிறுவனக் கொடியில் இந்த வரலாறு இன்றும் அப்படியே இருக்கிறது. அக்காலப் போர்ச்சுகல் அரசின் நிறங்களான நீலமும் வெள்ளையும், ஸ்பெயினின் சிவப்பும் மஞ்சளுமாக நான்கு முக்கோணங்கள் அதில் உள்ளன. பிரிட்டிஷ் நிறுவனமொன்றின் கொடியில் பிற இரு நாடுகளின் நிறங்கள் இருப்பதற்குக் காரணம், அதன் முதல் வாடிக்கையே அந்தத் தடம் என்பதுதான்.

1842இல் ஹிந்துஸ்தான் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல், சூயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடுவதற்காக, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு சவுத்தாம்ப்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. பிரிட்டனிலிருந்து வருகிற பயணி அலெக்சாந்திரியாவில் இறங்கி, அந்நகரை நைல் நதியோடு இணைத்த உள்நாட்டுக் கால்வாய் வழியாகவும் நைல் வழியாகவும் கெய்ரோவை அடைந்து, அங்கிருந்து பாலைவனத்தைக் குதிரை வண்டியில் கடந்து, சூயஸில் அடுத்த கப்பலில் ஏற வேண்டும். சரக்கு ஒட்டகங்களின் முதுகில் வந்தது. சூயஸிலிருந்து கப்பல் இலங்கையின் காலித் துறைமுகத்தையும் மதராஸையும் தொட்டுக் கல்கத்தா சென்றது. மதராஸில் அன்று துறைமுகமே கிடையாது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள்தாம் ஆட்களையும் அஞ்சலையும் கரைக்குக் கொண்டுவந்தன. உலகின் மிக நவீனமான போக்குவரத்துச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் கடற்கரைப் படகோட்டிகளின் கையில் இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் சிலிர்ப்பு உண்டாகிறது.

இந்தக் காலத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிழக்கே போகும்போது கப்பலின் இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என்று வெயில் படாத பக்கத்தைப் பணக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள் என்றும், அதைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பி அண்ட் ஓ பயணச்சீட்டில் அச்சிட்டது என்றும், ‘போஷ்’ என்ற சொல் அப்படித்தான் பிறந்தது என்றும் பலர் எழுதுகிறார்கள். அவ்வாறு அச்சிட்ட ஒரு பயணச்சீட்டுகூட இதுவரை கிடைத்ததில்லை. சொல்லாராய்ச்சியாளர்கள் இதை ஏற்பதுமில்லை.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கெய்ரோ வழித் தரைப்பயணத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. 1914இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம் பி அண்ட் ஓவுடன் இணைந்தது. சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூரோடு இணைத்த ரஜுலா கப்பல் இந்தப் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துடையது. 1926இல் கட்டிய ரஜுலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்படும் வரை ஓடியது. மலாயாவில் உறவினர் இருந்த குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு தலைமுறை நிமிர்ந்து உட்காரும். அவர்களில் பலருக்கு அது பி அண்ட் ஓ குழுமத்தின் கப்பல் என்பது தெரியாது. பெயர் வேறு, உடைமை வேறு என்பதற்கு நமக்கு மிக அருகிலுள்ள எடுத்துக்காட்டு இதுவே.

இதுவரை பார்த்தது: பி அண்ட் ஓ, அஞ்சலைச் சுமந்த லைனர் நிறுவனமாகப் பிறந்தது. உல்லாசப் பயணம் நூறாண்டுகளுக்கு மேல் அதன் பக்கத் தொழிலாகவே இருந்தது.

## விமானம் வந்தது, கான்பெரா தப்பியது

1961இல் பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் கட்டிய கான்பெரா கப்பல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. சுமார் 45,000 டன் அளவும், ஏறத்தாழ 2,200 பயணிகளுக்கு இடமும் கொண்ட அக்கப்பல், பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுவோரையும் அவ்வழியே போய்வருவோரையும் நம்பிக் கட்டப்பட்டது. காலம் அதற்கு உடன்படவில்லை. மூன்று, நான்கு வாரக் கடல் பயணத்தை ஜெட் விமானம் ஒன்றிரண்டு நாள்களாகச் சுருக்கிவிட்டது. 1967இல் சூயஸ் கால்வாயும் போரினால் மூடப்பட்டு, எட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது.

தடப் பேருந்துக்குப் பயணிகள் இல்லாமல் போனால் முதலாளி என்ன செய்வார்? வண்டியை விற்பார், அல்லது திருமண வீட்டாருக்கும் சுற்றுலாக் குழுவினருக்கும் வாடகைக்கு விடுவார். கான்பெரா விஷயத்தில் இரண்டும் யோசிக்கப்பட்டன. 1973இல் நியூயார்க்கிலிருந்து உல்லாசப் பயணங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஆள் சேரவில்லை. கப்பலை ஓய்வுபெறச் செய்வதாக அறிவிப்பே வந்துவிட்டது. பிறகு மனம் மாறி, வகுப்புப் பிரிவினையை எடுத்துவிட்டு, சவுத்தாம்ப்டனிலிருந்து பிரிட்டிஷ் பயணிகளுக்கான முழுநேர உல்லாசக் கப்பலாக மாற்றினார்கள். அந்த முடிவுதான் இன்றைய குரூஸ் நிறுவனத்தின் உண்மையான தொடக்கம் என்பது என் கருத்து. பி அண்ட் ஓ குரூசஸ் என்ற பெயரில் பயணிகள் பிரிவு தனியே அமைந்தது 1977இல்தான். ஆகவே 1837 என்பது குடும்பத்தின் வயது. இந்தக் கிளையின் வயது அதில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாது.

கான்பெராவின் வரலாற்றில் ஒரு காட்சியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1982 ஏப்ரலில், உலகச் சுற்றுப் பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த அக்கப்பலை, அர்ஜென்டினாவுடனான ஃபாக்லாந்து தீவுப் போருக்காக அரசு எடுத்துக்கொண்டது. பயணிகள் சவுத்தாம்ப்டனில் இறங்கிய இரண்டே நாள்களில், பயணிகள் நீந்திய குளத்தின் மேல் ஹெலிகாப்டர் இறங்குதளம் பொருத்தப்பட்டு, படைவீரர்களை ஏற்றிக்கொண்டு அது தெற்கே புறப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 11 அன்று வீடு திரும்பியபோது, வெள்ளை உடலெங்கும் துரு வடிந்து பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. அந்தக் கோலத்தில் அதைப் பார்க்க, துறைமுகத்தின் கரையெல்லாம் மக்கள் திரண்டு நின்றார்கள். ஒரு கப்பலின் மீது பிரிட்டிஷ் மக்கள் வைத்த பாசம் அதன் பிறகு இரட்டிப்பாயிற்று. 1997இல் ஓய்வுபெற்ற கான்பெரா, பாகிஸ்தானின் கடானி கடற்கரையில் உடைக்கப்பட்டது. அக்காலத்துக் கனமான கட்டுமானம் என்பதால், எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் உடைபடாமல் நின்றது.

## டன் என்பது எடை அல்ல

மேலே 45,000 டன் என்று எழுதினேன். இந்த டன் என்ன என்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது.

நம் ஊரில் நெல்லை இரண்டு விதமாக அளப்பார்கள். தராசில் கிலோ கணக்கில் நிறுப்பது ஒன்று. படி, மரக்கால் கொண்டு முகந்து அளப்பது மற்றொன்று. முதலாவது எடை, இரண்டாவது கொள்ளளவு. ஒரு மரக்கால் நெல்லும் ஒரு மரக்கால் பொரியும் எடையில் ஒன்றல்ல; ஆனால் மரக்கால் மரக்கால்தான். பயணிகள் கப்பலைப் பற்றிச் சொல்லப்படும் டன், மரக்கால் வகையைச் சேர்ந்தது. இதற்கு மொத்தக் கொள்ளளவு டன் என்று பெயர்; கப்பலின் மூடிய பகுதிகள் அனைத்தும் சேர்ந்து எவ்வளவு இடம் அடைக்கின்றன என்பதே அது. சொல்லின் பிறப்பும் அப்படித்தான்: கப்பலில் எத்தனை பெரிய மதுப் பீப்பாய்கள் அடுக்கலாம் என்று எண்ணிய பழக்கத்திலிருந்து, அந்தப் பீப்பாயின் பெயரே டன் ஆயிற்று. பழைய முறையில் 100 கன அடி ஒரு டன். 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைக்குப் பிறகு கணக்கிடும் சூத்திரம் மாறியது; அளப்பது இடத்தைத்தான் என்பது மாறவில்லை.

எடைக்கு வேறு சொல் உண்டு. கப்பல் மிதக்கும்போது எவ்வளவு நீரை விலக்குகிறதோ அந்த நீரின் எடையே கப்பலின் எடை. அதனை இடப்பெயர்ச்சி என்பார்கள். டைட்டானிக்கின் கொள்ளளவு சுமார் 46,000 டன்; எடையோ 52,000 டன். அதாவது கொள்ளளவு எண்ணைவிட எடை எண் பெரியது. குயின் மேரி 2 கப்பலில் இது தலைகீழாகிறது. கொள்ளளவு சுமார் 1,49,000 டன், எடை 80,000 டன்னைத் தொடாது. காரணம் எளிது. இன்றைய கப்பல்களில் மேலே அடுக்கடுக்காக எழும் பால்கனி அறைகளும் கூடங்களும் பெரும்பாலும் காற்று நிறைந்த பெட்டிகள். அவை மரக்காலை நிரப்பும், தராசை அவ்வளவாக அழுத்தா.

இந்தக் கண்ணோடு பி அண்ட் ஓ கப்பல்களைப் பார்க்கலாம். 1842இன் ஹிந்துஸ்தான் சுமார் 2,000 டன். 1887, 1888ஆம் ஆண்டுகளில் வந்த கப்பல்கள் 6,000 டன்னைச் சற்றே தாண்டின. கான்பெரா 45,000. ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டி 1995இல் எலிசபெத் அரசி பெயர் சூட்டிய ஓரியானா 69,000. அதே தளத்தின் 2000ஆம் ஆண்டு அரோரா 76,000. இத்தாலியின் ஃபின்கான்டியேரி தந்த 2008இன் வென்ச்சுரா 1,16,000, 2015இன் பிரிட்டானியா 1,43,000. மீண்டும் மேயர் வெர்ஃப்ட்டிலிருந்து 2020இல் வந்த அயோனா 1,84,000. அயோனாவின் எண்ணைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், சுமார் 5,80,000 கன மீட்டர் இடம் வருகிறது. கான்பெராவைப் பழைய கணக்கில் பார்த்தால் தோராயமாக 1,27,000 கன மீட்டர். கொள்ளளவு நான்கரை மடங்கானது. பயணிகளோ 2,200லிருந்து ஏறத்தாழ 5,200 ஆகியிருக்கிறார்கள், அதாவது இரண்டரை மடங்குக்கும் குறைவு. பெரிய கப்பல் என்றால் நெரிசல் என்று பலர் நினைப்பது முழுச் சரியல்ல. தலைக்கு விழும் இடம் உண்மையில் கூடியிருக்கிறது. அந்த இடத்தில் திரையரங்கும் உணவகங்களும் கடைகளும் சேர்ந்தே அடங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: செய்தியில் கப்பலுக்கு டன் கணக்கு வந்தால், அது பெரும்பாலும் கப்பலின் உள்ளிடத்தைக் குறிக்கிறது, எடையை அல்ல.

## பேரனுக்குத் தாத்தா பெயர்

தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். தமிழில் அந்த உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயர் இருக்கிறது. கப்பல் உலகிலும் இதே வழக்கம் உண்டு என்பதால்தான், பழைய செய்தி ஒன்றைப் படிப்பவர்கள் தாத்தாவையும் பேரனையும் ஒருவராக எண்ணிவிடுகிறார்கள்.

1887, 1888ஆம் ஆண்டுகளில் பி அண்ட் ஓ நான்கு கப்பல்களை இறக்கியது: விக்டோரியா, பிரிட்டானியா, ஓசியானா, ஆர்கேடியா. விக்டோரியா அரசி அரியணை ஏறியதன் பொன்விழாவும், நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டும் ஒருசேர வந்ததால் இவற்றைப் பொன்விழாக் கப்பல்கள் என்றார்கள். இந்த நான்கு பெயர்களும் அண்மைக் காலத்தில் திரும்பி வந்திருக்கின்றன. 1912இல் ஆங்கிலக் கால்வாயில், பம்பாய்க்குப் பொன்னும் வெள்ளியும் ஏற்றிச் சென்றபோது பிசாகுவா என்ற பாய்மரக் கப்பலோடு மோதி மூழ்கியது பழைய ஓசியானா. 2002இல் நிறுவனத்துக்கு வந்து 2020இல் விற்கப்பட்டது புதிய ஓசியானா. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெயர் தவிர எந்த உறவும் இல்லை.

ஆர்கேடியா இன்னும் சிக்கலானது. 1888இல் ஒன்று, 1954இல் ஒன்று, 1997இல் ஒன்று, 2005இல் ஒன்று. கடைசி ஆர்கேடியா முதலில் ஹாலந்து அமெரிக்கா லைன் நிறுவனத்துக்காகத் திட்டமிடப்பட்டு, பின் கியூனார்ட் நிறுவனத்தின் குயின் விக்டோரியாவாக ஆகவிருந்து, கட்டுமானம் நடக்கும்போதே பி அண்ட் ஓவுக்கு மாற்றப்பட்டது. இன்று நாம் குயின் விக்டோரியா என்று காண்பது அதற்குப் பின் கட்டிய வேறு கப்பல்.

## ஒரே உடல், ஆறு பெயர்

ஒரு பெயருக்குப் பல கப்பல்கள் இருப்பதுபோல, ஒரு கப்பலுக்குப் பல பெயர்களும் இருக்கும். 1997இன் ஆர்கேடியாவை அருகில் வைத்துப் பார்ப்போம்.

சிட்மார் என்ற நிறுவனத்துக்காக ஃபேர் மெஜஸ்டி என்ற பெயரில், பிரான்சின் சான் நசேர் கப்பல் தளத்தில் அது உருவாகத் தொடங்கியது. கட்டி முடிவதற்குள் 1988இல் சிட்மாரையே பி அண்ட் ஓ வாங்கிவிட்டது. பி அண்ட் ஓ 1974 முதல் பிரின்சஸ் குரூசஸ் என்ற அமெரிக்கச் சந்தை நிறுவனத்தையும் வைத்திருந்ததால், கப்பல் அங்கே போய் ஸ்டார் பிரின்சஸ் ஆயிற்று. 1989இல் அதற்குப் பெயர் சூட்டியவர் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன். கான்பெரா ஓய்வுபெற்றபோது விழுந்த இடைவெளியை நிரப்ப, 1997இல் அது பிரிட்டனுக்கு வந்து ஆர்கேடியா ஆனது. 2003இல் இளையோரை நோக்கிய ஒரு புதுக் கிளைக்குப் போய் ஓஷன் வில்லேஜ் ஆனது. 2010இல் ஆஸ்திரேலியாவில் பசிபிக் பேர்ல். 2017இல் வேறொரு நிறுவனத்திடம் கொலம்பஸ். 2021இல் குஜராத்தின் ஆலங் கடற்கரை.

ஆலங்கில் கப்பலை உடைக்கும் இடத்துக்குக் கொண்டுவரும் முறை வியப்பானது. அந்தக் கடற்கரையில் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கிடையே நீர்மட்டம் பல மீட்டர் வேறுபடும். ஓதம் உச்சத்தில் இருக்கும்போது கப்பலைக் கரையை நோக்கி நேராக ஓட்டிச் சேற்றில் ஏற்றிவிடுகிறார்கள். நீர் வடிந்ததும் அது தரையில் நிற்கிறது. அதன் பிறகு தொழிலாளர்கள் எரிவாயு வெட்டுக் கருவிகளால் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். ஆறு பெயர்களும் அங்கே இரும்பாகவே முடிந்தன.

எல்லாக் கப்பலுக்கும் இந்த முடிவு உடனே வருவதில்லை. 1984இல் இளவரசி டயானா ராயல் பிரின்சஸ் என்று பெயரிட்ட கப்பல், 2005இல் பி அண்ட் ஓவில் ஆர்ட்டெமிஸ் ஆகி, 2011இல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்றிடம் ஆர்டானியா ஆனது. 1995இன் ஓரியானா 2019இல் விலகிச் சீனாவில் பியானோ லேண்ட் ஆயிற்று.

ஒரே குழுமத்தில் பல நிறுவனங்கள் இருந்தால், அண்டாவும் குத்துவிளக்கும் அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு விசேஷத்துக்குத் தக்கபடி போய்வருவதுபோல, கப்பல்களும் போய்வரும். எங்கே சந்தை வளர்கிறதோ அங்கே அனுப்புவார்கள். அங்கே சுணங்கினால் திரும்பக் கொண்டுவருவார்கள். சீ பிரின்சஸ் என்ற கப்பல் 2003இல் அடோனியா என்று பி அண்ட் ஓவுக்கு வந்து, 2005இல் பழைய பெயரோடே பழைய வீட்டுக்குப் போனது. கப்பல் படை மாறுகிறது என்பதை ஏதோ நெருக்கடியின் அறிகுறியாகவே செய்திகள் எழுதுகின்றன. பெரும்பாலும் இது வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றமே.

## பாகப்பிரிவினை

இப்போது உடைமைக்கு வருவோம். பி அண்ட் ஓ என்ற கூட்டுக் குடும்பத்தில் குரூஸ், படகுச் சேவை, துறைமுகங்கள், சரக்குப் போக்குவரத்து என்று பல கிளைகள் இருந்தன. 2000 அக்டோபரில் குரூஸ் கிளையைப் பிரித்து, பி அண்ட் ஓ பிரின்சஸ் குரூசஸ் என்ற தனி நிறுவனமாக்கினார்கள். பங்குதாரர்களுக்குப் புது நிறுவனத்தின் பங்குகளும் கிடைத்தன. இது பாகப்பிரிவினையைப் போன்றதுதான்: சொத்து பிரிந்தது, குடும்பப் பெயரை இரு தரப்பும் வைத்துக்கொண்டன.

பிரிந்த குரூஸ் கிளை 2003இல் அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனத்தோடு இணைந்தது. அப்போதிருந்து பி அண்ட் ஓ குரூசஸ் கார்னிவல் குழுமத்தின் ஓர் உறுப்பு. கியூனார்ட், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகியவை அதன் உடன்பிறப்புகள். நாள்தோறும் நடத்தும் அலுவலகம் சவுத்தாம்ப்டனில்தான் இருக்கிறது.

மீதியிருந்த தாய் நிறுவனத்தை, துறைமுகங்களும் ஃபெர்ரீஸும் சேர்த்து, 2006இல் துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டு வாங்கியது. இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைத் துறைமுகத்தின் முதல் கொள்கலன் முனையத்தை 2001 முதல் நடத்தியது பி அண்ட் ஓ போர்ட்ஸ். 2006இல் அதுவும் டிபி வேர்ல்டு கைக்குப் போயிற்று. ஆகவே அமெரிக்கர்கள் வாங்கினார்கள் என்றவரும், துபாய்க்காரர்கள் வாங்கினார்கள் என்றவரும் தத்தம் அளவில் சரியே. இருவரும் வெவ்வேறு பங்கைச் சொல்கிறார்கள். 2022இல் ஆள்களை நீக்கியது துபாய் பங்கு. சொகுசுக் கப்பல் ஓட்டுவது அமெரிக்கப் பங்கு.

பிரிட்டிஷ் நிறுவனம் என்று அழைப்பது அப்படியானால் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. பயணிகளில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் மக்கள். கப்பலுக்குள் செலவாகும் பணம் பவுண்டு. மாலைத் தேநீரும் காலை உணவும் அவர்கள் பழக்கப்படி. 2014இல் அறிவித்த புதிய தோற்றத்தில், பிரிட்டன் கொடியைக் கப்பலின் முகப்பில் பெரிதாகத் தீட்டினார்கள். 1931இன் ஸ்ட்ராத்நேவர் காலம் முதல் பழகிய மஞ்சள் புகைபோக்கி நீலமாயிற்று. ஆனால் அரோரா, ஆர்கேடியா, வென்ச்சுரா, அசூரா ஆகியவற்றின் பின்புறம் பார்த்தால், பதிவுத் துறைமுகமாக பெர்முடாவின் ஹாமில்டன் பெயர்தான் எழுதியிருக்கும். பதிவுக் கொடி என்பது வண்டியின் பதிவெண் போன்றது. எந்த நாட்டுச் சட்டம் அக்கப்பலின் மேல் செல்லும் என்பதை அது சொல்கிறது. உரிமையாளர் யார் என்பதை அது சொல்லாது.

## புதிய கப்பல்களும் குளிர்ந்த எரிவாயுவும்

அயோனாவும், 2022 டிசம்பரில் வந்த அதன் இணைக் கப்பல் ஆர்வியாவும் எல்என்ஜியில் ஓடுகின்றன. இதனை நம் சமையலறை சிலிண்டரோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிலிண்டரில் இருப்பது அழுத்தத்தால் நீர்மமான பெட்ரோலிய வாயு. எல்என்ஜி என்பது இயற்கை எரிவாயுவை, அதாவது பெரும்பாலும் மீத்தேனை, சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து நீர்மமாக்கியது. அப்போது அதன் பருமன் ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால்தான் கப்பலின் தொட்டியில் வாரக்கணக்கில் ஓடப் போதுமான அளவை அடைக்க முடிகிறது. கந்தகப் புகை கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது, கரிமம் குறைகிறது. எரியாமல் நழுவும் மீத்தேன், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது என்பதால், இதை முழுத் தீர்வு என்று விளம்பரங்கள் சொல்லும்போது நான் ஏற்பதில்லை.

கப்பல்கள் ஏன் பெரிதாகிக்கொண்டே போகின்றன என்பதற்கு விடை சமையலில் இருக்கிறது. ஐம்பது பேருக்குச் சமைப்பவர் எண்பது பேருக்குச் சமைக்க அதே அடுப்பும் கூடுதலாக ஓரிரு ஆளும் போதும். கேப்டனும் இயந்திர அறையும் துறைமுக வழிகாட்டியும் ஒரு கப்பலுக்கு ஒரு தொகுப்புதான். பயணிகள் கூடக்கூடத் தலைக்குச் செலவு குறைகிறது. அதனால் சிறிய, வயதான கப்பல்கள் முதலில் விலகுகின்றன. இன்றைய ஏழு கப்பல்களில் மூத்தது அரோரா. அதையும் ஆர்கேடியாவையும் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, குழந்தைகளோடு வரும் குடும்பங்களைப் பெரிய கப்பல்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த இரண்டிலும் பயணம் செய்கிறவர்கள் அமைதிக்காகவே அவற்றைத் தேர்கிறார்கள்.

## பெயர் போய்க் கப்பல் நின்ற இடம்

ஆஸ்திரேலியாவில் பி அண்ட் ஓவின் உல்லாசப் பயண வரலாறு 1932 டிசம்பரில், ஸ்ட்ராத்ஐர்ட் கப்பல் சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்கும் நார்ஃபோக் தீவுக்கும் போய்த் திரும்பியதிலிருந்து எண்ணப்படுகிறது. பிற்காலத்தில் அங்கே பி அண்ட் ஓ குரூசஸ் ஆஸ்திரேலியா என்று தனி நிறுவனம் இருந்தது. 2025 மார்ச்சில் கார்னிவல் குழுமம் அந்தப் பெயரை முடித்துக்கொண்டது. பசிபிக் எக்ஸ்ப்ளோரர் விலகியது. மற்ற இரண்டு கப்பல்களும் அதே கடலில் கார்னிவல் கப்பல்களாகத் தொடர்கின்றன. பசிபிக் என்கவுன்டர், 2002இல் ஸ்டார் பிரின்சஸ் என்று பிறந்த கப்பல்; மேலே சொன்ன, ஆலங்கில் முடிந்த ஸ்டார் பிரின்சஸின் பெயரை ஏற்ற அடுத்த கப்பல் அது. இப்போது அதன் உடலில் கார்னிவல் என்கவுன்டர் என்று எழுதியிருக்கிறது.